கல்லறைக்கு இப்பால்

சென்னையிலிருந்து புகைவண்டியில் புனேக்கு வரும் நம்மவர்கள், தௌண்டு சந்திப்பைக் கடந்ததும் மூட்டை முடிச்சுகளைக் கட்டத் தொடங்குவது வழக்கம். அந்தப் பரபரப்பில் கேட்காவ் என்னும் சிறு நிலையம் சாளரத்துக்கு வெளியே கடந்து போவதை யாரும் பார்ப்பதில்லை. பல்லாண்டுகளாக அவ்வழியே போய்வந்தும் நானும் அதைப் பார்த்தவன் அல்லன். உயிர்த்தெழுதலைப் பற்றி இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோதுதான் அவ்வூர் என் நினைவுக்கு வந்தது.

இயேசு இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறித்தவ சமயத்தின் உயிர்நாடியான நம்பிக்கை. இதில் ஐயமுடையாரும் நம்மிடையே உளர். பிற சமயத்து அன்பர்கள் இதனை வேறு வகையாக நோக்குவர். அவ்வாதம் இங்கு வேண்டா. என் வினா எளியது. உயிர்ப்புப் பெருவிழாவன்று விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றி, சாவு தோற்றதென்று பாடித் திரும்புகிறவன், மறுநாள் திங்கட்கிழமை எவ்வாறு நடந்துகொள்வான்?

நற்செய்தி நூல்களைப் படிப்போர்க்கு ஒன்று வியப்பளிக்கும். உயிர்த்தெழுந்தவர் தமக்குச் சாவுத் தீர்ப்பளித்த ஆளுநன் முன் தோன்றி வெற்றி முழக்கவில்லை. தம்மைத் தோட்டக்காரன் என்று எண்ணி அழுது நின்ற மகதலேனா மரியாளைப் பெயர் சொல்லி அழைத்தார். இரவெல்லாம் வலைவீசிக் களைத்த மீனவர்க்குக் கரையில் கரிநெருப்பின்மேல் மீனும், உடன் அப்பமும் ஆயத்தமாக வைத்து உண்ண அழைத்தார். ஐயுற்ற தோமாவுக்கு, நம் மயிலைக்கு வந்தவரென மரபு போற்றும் அதே தோமையாருக்கு, தம் காயங்களைக் காட்டினார். இவை அனைத்தும் வீட்டுக்குள்ளும் தெருவிலும் நிகழக்கூடிய செயல்கள். செத்தாரை எழுப்ப நம்மால் இயலாது. செத்தவராக ஒதுக்கப்பட்டவரைப் பெயர் சொல்லி அழைக்க இயலும்.

நம் நாட்டில் சாகுமுன்பே செத்தவராக எண்ணப்பட்டோருள் முதலில் வைக்கத்தக்கவள் கைம்பெண். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்றின் 246ஆம் பாடலில், கைம்மை நோன்பைவிடத் தீயே அவளுக்கு எளிதாகப் படுகிறது. பழம்பெருமை பேசி நாம் எடுத்துக்காட்டும் ஏட்டில் இதுவும் இருக்கத்தான் செய்கிறது.

கேட்காவுக்கு வருவோம். 1858இல் பிறந்த பண்டித ரமாபாய்க்கு வடமொழி கற்பித்தவர்கள் பெற்றோரே. கோயில்தோறும் புராணம் படித்துத் தென்னகமெங்கும் திரிந்த அக்குடும்பம், சென்னை மாகாணத்தில் பஞ்சத்தில் சிக்கியது. 1874இல் தந்தையும், அடுத்த சில மாதங்களில் தாயும் தமக்கையும் மாண்டனர். புனேயின் பெருமகளாக நாம் அறியும் அம்மையாரின் துயரம் நம் பக்கத்து மண்ணில் தொடங்கியது என்பது பலர் அறியாதது. 1880இல் மணம், 1882இல் கைம்மை, கையில் மனோரமா என்னும் குழந்தை. 1883இல் இங்கிலாந்தில் கிறித்தவரானார். 1889இல் இளங்கைம்பெண்களுக்காகப் பம்பாயில் சாரதா சதனைத் தொடங்கி, மறு ஆண்டே புனேக்குக் கொணர்ந்தார். மாணவியரைச் சமயம் மாற்றுகிறார் என்ற பூசல் 1893இல் இந்நகரைக் கலக்கியது. அதில் இரு திறத்தாரிடமும் ஓரளவு நியாயம் இருந்தது என்பதே என் கருத்து.

1896–97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. தம் குடும்பம் பட்ட பசியின் நினைவே தம்மை அங்குச் செலுத்தியதாக அம்மையாரே எழுதியுள்ளார். ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வந்தார். அவ்வேளை புனேயில் பிளேக் நோய். புதியவர்களை நகரில் தங்கவைக்கத் தடை. எனவே கேட்காவில் முன்பே வாங்கியிருந்த தோட்ட நிலத்தில் கூடாரமும் கொட்டகையும் எழுந்தன. அதுவே முக்தி சதன். 1900ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் குஜராத்திலிருந்தும் பலர் வந்துசேர, அங்கு வாழ்ந்தோர் தொகை இரண்டாயிரத்தை நெருங்கியது.

கஞ்சி ஊற்றுவதோடு நின்றிருந்தால் அது ஓர் அன்னசத்திரமாக இருந்திருக்கும். அங்கு வந்தவர்கள் நெய்தார்கள், உழுதார்கள், பால் கறந்தார்கள், அச்சுக் கோத்தார்கள். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கக் கற்றனர். முகத்தில் விழித்தாலே தீட்டு என்று விலக்கப்பட்டவள் ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரிசைப்படுத்தி ஒரு நூலின் பக்கத்தை உருவாக்குகிறாள்! உயிர்ப்பைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் பல. இந்தக் காட்சி அளவுக்கு எதுவும் என்னைத் தொட்டதில்லை.

ஆனால் வந்தோர் எல்லோரும் பிழைத்தார்களா? இல்லை. பஞ்சம் தின்று மிஞ்சிய உடலோடு வந்த சிலர் அங்கேயே இறந்தனர். தாய்க்கு வலக்கையாக நின்ற மனோரமாவும் 1921இல், நாற்பது வயதில், காலமானார். நம்பிக்கை அந்தச் சாவைத் தடுக்கவில்லை. அம்மையார் என்ன செய்தார்? எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் விவிலியத்தை எளிய மராத்தியில் பெயர்க்கும் பணியைத் தொடர்ந்து செய்து முடித்தார். 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வாண்டு உயிர்ப்பு ஞாயிறு வர இன்னும் பதினொரு நாள் இருந்தது.

இது கிறித்தவர்க்கு மட்டுமே உரிய செயல் என்று சொல்லவும் வழியில்லை. சாரதா சதனில் பயின்ற இளங்கைம்பெண் கோதுபாயை 1893இல் மணந்து, ஊர் விலக்கையும் தாங்கி, 1896இல் கைம்பெண்கள் இல்லம் கண்ட தோண்டோ கேசவ் கார்வே எந்தத் தேவாலயத்தைச் சார்ந்தவர்? நம் சென்னையில் ஐஸ் ஹவுசில் அவ்வகை இல்லம் நடத்திய சகோதரி சுப்புலட்சுமி, தாமே குழந்தைப் பருவத்தில் கைம்மையுற்றவர். உயிர்ப்பை நம்பாதவர்கள் அதன் பணியைச் செய்திருக்கிறார்கள். நம்பும் நாம்?

என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணவரை இழந்த என் மைத்துனி கட்கியில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், உயிர்ப்பு ஞாயிறு கழிந்த இரண்டாம் வாரம், அவருடைய மூத்த மகளுக்குத் திருமணம். முந்திய மாலை மணப்பெண்ணுக்கு நலங்கு வைக்கப் பெண்கள் கூடினர். சுமங்கலிகள் வாருங்கள் என்றார் ஒரு முதியவர். பெற்ற தாய், யாரும் சொல்லாமலே எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். அங்கிருந்தோர் அனைவரும் கிறித்தவர்கள். இரு வாரத்துக்கு முன் ஒன்றாகக் கல்லறையில் பாடியவர்கள். பாடியவர்களுள் நானும் ஒருவன். பந்தியில் அமர்ந்து நன்றாக உண்டேன். ஒரு சொல் சொல்லவில்லை. வெளியூர்க்காரர் முன்னிலையில் எதற்கு வம்பு என்று அன்று தோன்றியது. இன்று எண்ணினால் கூசுகிறது.

இளைய மகளுக்கு வரும் தை மாதம் திருமணம் உறுதியாகியுள்ளது. தாம்பாளம் எடுக்கவும் நலங்கைத் தொடங்கி வைக்கவும் அக்காள்தான் வரவேண்டும் என்று மைத்துனி என் மனைவியிடம் இப்போதே கேட்டுவிட்டார். முதற் சந்தனத்தை நீயே வை என்று சொல்ல வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமில்லை. அதை யார் சொல்வது, சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் வீட்டில் இப்போது ஓயாத பேச்சு.