மேல்முறையீடு பேராசையா?



சாலை விபத்தில் காலையோ கையையோ இழந்த ஒருவர், நஷ்டஈட்டுத் தீர்ப்பின்மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார் என்று கேட்டால் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். “உயிர் பிழைத்ததே பெரிது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகக்கூடாதா?” என்கிறோம். கேட்பதற்குப் புண்ணியமான பேச்சுத்தான். ஆனால் அப்படிப் பேசுகிறவர் பெரும்பாலும் இரண்டு கால்களும் உள்ளவர் என்பதைக் கவனியுங்கள்.

நஷ்டஈடு என்பது தருமப் பணம் அன்று. ஒருவர் கவனக்குறைவால் மற்றவர் இழந்ததற்குப் பட்ட கடன். கடனைக் குறைத்து அளந்துவிட்டார்கள் என்று தோன்றினால், திரும்ப அளக்கச் சொல்வதில் பாவம் என்ன? லாரி ஓட்டியவரை மனதார மன்னித்தவரும், அந்த லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் முழு ஈட்டையும் கேட்கலாம்.

அளவு எப்படிப் பிசகுகிறது என்றும் பாருங்கள். இடக்கை துண்டிக்கப்பட்டவரின் ஊனத்தை உடற்கணக்கில் சுமார் 60 சதம் எனலாம். அவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால் பிழைப்பே ஏறக்குறைய முழுதும் போயிற்று; சர்க்கார் குமாஸ்தாவானால் வேலை நிலைத்தும் இருக்கலாம். இவ்வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2010-ல் எடுத்துக்காட்டோடு விளக்கியது. டாக்டர் சான்றிதழிலுள்ள சதவீதத்தையே வருமான இழப்பாக எழுதிவிட்ட தீர்ப்பு, தச்சர் வீட்டு உலையில் கைவைக்கிறது. அவர் மேல்முறையீடு செய்யட்டும். மனைவி மக்களை உத்தேசித்து அது அவருடைய கடமையென்றே சொல்வேன். அதே வழியில் குமாஸ்தாவும் முழு இழப்பென்று கேட்கக் கிளம்பினால், அது வேறு சங்கதி.

குற்றத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதுதான் மனச்சாட்சியை அதிகமாகத் தொடுகிற கேள்வி. மொத்த இழப்பு 10 லட்சம், ஆனால் அடிபட்டவர்மேலும் 25 சதம் தவறு என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது ஏழரை லட்சம். மீதி இரண்டரை லட்சத்துக்காக மேலே போகலாமா?

அந்த 25 சதம் உண்மையா என்பதைப் பொறுத்தது அது. நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேறு யாரோ கொடுத்த புகாரை மட்டும் நம்பி அப்படிச் சொல்லியிருக்கலாம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினார் என்பதற்காகவே பங்கு போட்டிருக்கலாம். அது ஒன்றே விபத்துக்குக் காரணமாகிவிடாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட தீர்ப்பை எதிர்ப்பது நியாயம்.

ஆனால் பின்னால் பாராமல் வண்டியைத் திருப்பியது தமக்கே தெரியுமானால்? “கம்பெனிதானே கொடுக்கிறது, யாருக்கு நஷ்டம்?” என்பார்கள். கம்பெனியிடம் பணம் இருப்பதால் நாம் சொல்லும் பொய் மெய்யாகிவிடாது. அப்படிப்பட்டவருக்கும் வழி அடைபடவில்லை. தவற்றின் பங்கை ஒப்புக்கொண்டு, தொகை கணக்கிட்ட விதத்தை மட்டும் எதிர்க்கலாம். வக்கீல் எல்லாக் காரணங்களையும் சேர்த்தே மனு எழுதுவார், அது அவர் தொழில் வழக்கம். அந்த ஒரு பத்தியை அடித்துவிடும்படி சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. எதிர்த்தரப்பும் நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் குறுக்கு ஆட்சேபணை போடலாம், அதனால் கையிலுள்ள தொகை குறையவும் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். தாமதமானால் தகுந்த காரணம் காட்டவேண்டும். 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தகராறிலுள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைந்தால் மேல்முறையீடே இல்லை. லோக் அதாலத்தில் சமாதானமாகக் கையெழுத்திட்ட தீர்வின்மேலும் அப்பீல் கிடையாது. ஆகையால் அங்கே பேனாவை எடுக்குமுன், வீட்டில் கணக்குத் தெரிந்த பிள்ளையை அருகில் உட்காரவைத்து, எந்த வருமானத்தை வைத்து எத்தனை வருஷத்துக்குப் பெருக்கியிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.