சிரிக்கும் முகம், சிந்தும் குருதி

வாலாஜாபாத்தில் கடல் இல்லை. பாலாறு உண்டு, அதிலும் ஆண்டின் பெரும்பகுதி மணலே உண்டு. வைகறையில் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் உண்டு. வேலை முடிந்து களைத்து இறங்கும் இளைஞர் உண்டு. அலையோசை கேளாத இவ்வூரில் அமர்ந்துகொண்டு ஓங்கிலைப் பற்றி எழுதப் புகுகிறோம். டால்பின் என்று செய்தித்தாள்கள் எழுதும் உயிரைத்தான் நம் கடலோர மக்கள் ஓங்கில் என்கின்றனர். "மனிதன் படும் பாடு போதாதா? மீனுக்கும் சேர்த்தா அழ வேண்டும்?" என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அவ்வினாவுக்கு விடை காணவே இக்கட்டுரை.

முதலில் ஒரு திருத்தம். ஓங்கில் மீன் அன்று. நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுவது, கன்றை ஈன்று பாலூட்டி வளர்ப்பது, கூட்டமாய் வாழ்வது. ஒலி எழுப்பி, அதன் எதிரொலியால் இருளிலும் வழி அறிவது. வலையில் சிக்கி நீர்மட்டத்துக்கு வர இயலாதபோது, கடலில் பிறந்த அவ்வுயிர் கடலிலேயே மூச்சுத் திணறிச் சாகிறது.

அதனை மனிதன் என்ன செய்கிறான்? தொலைவிலிருந்து தொடங்க வேண்டாம். நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். 2023 மார்ச் திங்களில் குசராத்தின் போர்பந்தர்க் கடலில் ஒரு படகு பிடிபட்டது. அதில் 22 ஓங்கில்களின் உடல்கள் கிடந்தன. கைதான 10 பேருள் தமிழகத்தாரும் இருந்தனர்; கேரளத்தாரும் அசாமியரும் இருந்தனர். உண்பதற்காகக் கொன்றார்களா? இல்லை. சுறா பிடிக்கும் தூண்டிலில் இரையாகக் கோக்கக் கொன்றார்கள். சுறாவின் துடுப்போ, கடல் கடந்து செல்வர் வீட்டு விருந்தில் சூப்பாகக் கொதிக்கும் பண்டம். ஒருவன் நாவின் நொடிநேரச் சுவைக்குச் சுறா சாக வேண்டும். சுறா சாவதற்கு ஓங்கில் சாக வேண்டும். இரண்டையும் கொன்ற குற்றத்துக்குக் கூலிக்குப் போன மீனவன் சிறை செல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஓங்கிலை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது, அது நன்று. ஆனால், சட்டத்தின் கை படகு வரை நீள்கிறது. பந்தி வரை நீளக் காணோம்!

"இது எங்கள் பழக்கம், பரம்பரை வழக்கம்" என்று சொல்வோரும் உளர். ஜப்பானில் தாய்ஜி என்னும் ஊரில், இரும்புக் குழாய்களைக் கடலில் இறக்கிச் சுத்தியால் தட்டுகின்றனர். ஒலியையே விழியாகக் கொண்ட ஓங்கில்கள் அவ்வொலிக்கு வெருண்டு ஓடிக் குடாவில் அடைபடுகின்றன. இளமையும் எழிலும் உடையவை காட்சிச் சாலைக்கு விற்பனை. மற்றவை கத்திக்கு இரை. வட அட்லாண்டிக்கின் பாரோத் தீவுகளில் 2021 செப்டம்பர் 12ஆம் நாள் 1,428 ஓங்கில்களைக் கரைக்கு விரட்டி ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தனர். உள்ளூராரே முகம் சுளித்தனர். மறு ஆண்டு அரசு 500 என்று வரம்பு கட்டிற்று. பரம்பரைக்கு வரம்பு கட்டலாம் என்றால், பரம்பரை புனிதமானது அன்று என்பது பெறப்படுகிறது அன்றோ?

பழமை என்பது ஒரு செயலின் வயதைக் காட்டும். அதன் நியாயத்தைக் காட்டாது. உடன்கட்டை ஏற்றியதும் பழமைதான். தெருவில் நடக்காதே எனத் தடுத்ததும் பழமைதான். சிறுமிக்குப் பொட்டுக் கட்டியதும் பழமைதான். அவற்றையெல்லாம் "ஏன்?" என்ற ஒற்றைச் சொல்லால் உலுக்கிய மண் இது. அந்தச் சொல்லை மனிதரோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

கொல்வது கொடுமை, அதை ஒப்புவோம். பிடித்து வைத்துச் சோறு போடுவதும் கொடுமையா? ஆம் என்கிறோம். 1990களின் இறுதியில் சென்னைக்குத் தெற்கே கடலோரக் கேளிக்கைப் பூங்காவான டால்பின் சிட்டிக்குப் பல்கேரியாவிலிருந்து ஓங்கில்கள் கொண்டுவரப்பட்டன. தாவின, பந்தாடின, பார்த்தவர் கை தட்டினர். சில மாதங்களில் மாண்டு போயின. வேலிக்கு அப்பால் வங்கக் கடல் விரிந்து கிடக்க, வேலிக்கு உள்ளே தொட்டி நீரில் செத்தன! "சிரித்துக்கொண்டுதானே இருந்தது?" என்பார் பார்த்தவர். ஓங்கிலின் வாய் அமைப்பே அத்தகையது. மகிழும்போதும் அதே முகம். மாளும்போதும் அதே முகம். முதலாளி முன் சிரித்து நிற்கும் பணியாளின் முகத்தைப் பார்த்து, அவன் வீட்டில் அடுப்பெரிகிறது என்று முடிவு கட்டுவது எத்துணைப் பேதைமையோ, அத்துணைப் பேதைமை இதுவும்.

2013ஆம் ஆண்டு, மராட்டியமும் கேரளமும் ஓங்கில் காட்சிக்குத் திட்டம் தீட்டிய வேளையில், நடுவண் உயிர்க்காட்சிச் சாலை ஆணையம் அத்தகைய காட்சிச் சாலைகளுக்கு இசைவு தரலாகாது என மாநிலங்களுக்கு எழுதியது. அறிவு மிக்க அவ்வுயிர்களை மனிதரல்லாத ஆட்களாகக் கருத வேண்டும் என்ற கருத்தையும் அது எடுத்துரைத்தது. முடிவைப் போற்றுகிறோம். காரணத்தில் மட்டும் சற்று நின்று சிந்திக்கிறோம்.

அறிவுள்ளது, ஆகவே துன்புறுத்தாதே என்றால், அறிவு குன்றியதைத் துன்புறுத்தலாமா? அறிவை அளந்து உரிமை வழங்கும் தராசு நமக்குப் புதிதன்று. "அவனுக்கு அறிவில்லை, படிப்பு வராது" என்று சொல்லித்தானே கோடிக்கணக்கானோரைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினர்? அந்தத் தராசை நாம் மீண்டும் கையில் எடுக்கலாகாது. கேட்க வேண்டிய வினா, "அதற்கு எத்துணை அறிவு?" என்பதன்று, "அதற்கு வலிக்குமா?" என்பதே. அடுத்த வினா, "இந்த வலியைத் தராமல் நம்மால் வாழ முடியாதா?" என்பது.

"ஆட்டுக்கறி உண்பவர் ஓங்கிலுக்கு வாதாடலாமா?" என்று கேட்பர். நேர்மையான கேள்வி. நாம் துறவறம் போதிக்க வரவில்லை. பசிக்கு உண்பவனையும் பொழுதுபோக்குக்கு வதைப்பவனையும் ஒரே கூண்டில் நிறுத்த நம் மனம் ஒப்பவில்லை. எனினும், நாம் எழுப்பிய வினா ஒருநாள் நம் அடுக்களைக்கும் வரும், வரட்டும். முழு இரக்கம் இல்லை என்பதற்காக, இருக்கும் இரக்கத்தையும் எறிந்துவிட வேண்டும் என்பது என்ன நியாயம்?

நம்பிக்கைக்கு இடம் உண்டு. 2016 சனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாட்டுக் கரையோரம் குட்டைத் துடுப்புத் திமிங்கிலங்கள் 80க்கு மேல் ஒதுங்கின. பெயர் திமிங்கிலம் எனினும் ஓங்கில் குடும்பத்தவை அவை. வலையை மறந்து, அன்றைய வருவாயை மறந்து, மீனவர் அவற்றைப் படகில் கட்டி ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டனர். விடப்பட்டவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பின. கூட்டத்தைவிட்டுப் பிரியாத இயல்பே அதற்குக் காரணம் என்பர். நாற்பதுக்கு மேற்பட்டவை மாண்டன, எஞ்சியவை பிழைத்தன.

போர்பந்தரில் கொன்ற கைகளுள் தமிழன் கை இருந்தது. மணப்பாட்டில் காத்ததும் தமிழன் கைதான். அங்கே கூலி கொடுத்து ஏவ ஒருவன் இருந்தான். இங்கே எவனும் இல்லை. ஏவுவார் இல்லாதபோது ஏழை இரக்கமுள்ளவனாகவே இருக்கிறான். ஆகவே மீனவனை வையாதீர், அவனுக்கு நேரிய வாழ்வு கிடைக்க வழி தேடுங்கள், ஏவியவனைத் தேடுங்கள்.

நகைத்த நண்பருக்கு இப்போது விடை. மனிதன் படும் பாடும் ஓங்கில் படும் பாடும் இரு வேறு வழக்குகள் அல்ல. வாயில்லாத உயிரின் துன்பத்தைக் காட்சியாக்கிக் கை தட்டப் பழகியவன், வாயிருந்தும் பேச முடியாத மனிதனின் துன்பத்தைப் பார்த்தும் அசையாதிருக்கப் பழகிவிடுவான். விடுமுறை நாளில் பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் வாலாஜாபாத்துத் தொழிலாளத் தோழரே! தொலைவில் ஓங்கில் துள்ளினால் காட்டுங்கள். அது யாருக்காகவும் துள்ளவில்லை, தனக்காகவே துள்ளுகிறது என்பதையும் சொல்லுங்கள்.