இரத்தத்தில் வந்ததை மறைக்கலாமா?

மவுத்து வீட்டில் நாம் பேசும் பேச்சுக்களைப் பிறகு நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், எனக்கு மருமகன் முறையான ஒருவர், முப்பத்தெட்டு வயதில், சுபுஹு தொழுதுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்து மவுத்தானார். ஒல்லியான தேகம். பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. ஜனாஸா எடுக்கக் காத்திருந்த நேரத்தில் ஒருவர், "கறியைக் கொஞ்சமாகவா தின்றார்?" என்றார். இன்னொருவர், "சபுராளி வாழ்க்கை, கவலைதான் கொன்றது" என்றார். மூன்றாமவர் "நஸீபு" என்று முடித்துவிட்டார். உள்ள விஷயம் தெரிந்தவர்கள் அந்தப் பந்தலில் இருவர் இருந்தோம். இருவருமே வாய் திறக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் குதிகாலுக்கு மேலே, பின்பக்க நரம்பில், ஒரு தடிப்பு இருந்தது. தொழுகை இருப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்துப் போனது என்று அவருடைய உம்மா பெருமையோடு சொல்வார். தொழுகையால் காய்ப்பது கணுக்காலின் வெளிப்புறம். பின்நரம்பில் தடிப்பது கொலஸ்டரால் என்னும் கொழுப்பு படிந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். அதை நாம் யாரும் அறிந்திருக்கவில்லை.

இரத்தத்தில் மிதக்கும் இந்தக் கொழுப்பை இழுத்து அப்புறப்படுத்துவது ஈரலின் வேலை. ஈரல் அணுக்களின் மேற்புறத்தில் அதற்கென்றே கொக்கிகளைப் போன்ற ஏற்பிகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள் இதைக் கண்டறிந்து 1985ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஏற்பியை உண்டாக்கும் ஜீன், அதாவது மரபணு, வாப்பா வழியில் ஒன்றும் உம்மா வழியில் ஒன்றுமாக நமக்கு இரண்டு வருகின்றன. அவற்றில் ஒன்று பழுதாக வந்தால் கொக்கிகள் பாதியாகக் குறைந்துவிடும். பிறந்த நாள் தொட்டே கொழுப்பு இரத்தத்தில் தங்கும். பத்தியம் இருந்தாலும் வேண்டிய அளவு இறங்காது. ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். மருந்து எடுக்காத ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இருதய நோய் வந்துவிடுகிறது. இவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது இறங்க பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

இதற்கு நேர் எதிராக, கொடை பெற்றுப் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். டல்லாஸ் ஆராய்ச்சியாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கக் கறுப்பின மக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு வேறொரு மரபணு செயல்படாமல் இருக்கிறது. அதனாலேயே அவர்களுக்குக் கொழுப்புக் குறைவு. இருதய நோய் வாய்ப்பு 88 சதவீதம் குறைவு. பின்லாந்தின் ஈரோ மாண்டிரந்தா 1964 ஒலிம்பிக் பனிச்சறுக்கு ஓட்டத்தில் இரண்டு தங்கப் பதக்கம் பெற்றவர். அவருடைய இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏன் அவ்வளவு அதிகம் என்று பலர் பலவிதமாகச் சந்தேகித்தார்கள். குடும்பத்தில் 97 பேரைச் சோதித்ததில் 29 பேருக்கு அதே மரபணு மாற்றம் இருந்தது. அத்தனை பேரும் பதக்கம் வாங்கிவிடவில்லை, அவர் உழைத்தார். ஆனாலும் உழைப்பதற்கான மூச்சு அவருக்குப் பிறப்பிலேயே கிடைத்திருந்தது. எண்பது வயதிலும் பிரியாணியை ஒரு கை பார்க்கிற நம் பெரியவர்கள் தங்கள் பேணுதலைப் பற்றிப் பேசும்போது எனக்கு இந்த மனிதரின் ஞாபகம்தான் வருகிறது.

நாட்டுப்புற அரபி ஒருவர், தம் மனைவி கறுத்த பிள்ளையைப் பெற்றிருக்கிறாள் என்று ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களிடம் வந்து சந்தேகத்தோடு முறையிட்ட சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அவருடைய செந்நிற ஒட்டக மந்தையில் சாம்பல் நிறக் குட்டி எப்படி வந்தது என்று நபியவர்கள் கேட்டார்கள். முன்னோரின் வேர் ஏதேனும் இழுத்திருக்கும் என்று அவரே சொன்னார். பிள்ளை விஷயமும் அப்படியே இருக்கலாம் என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தார்கள். ஹதீஸுக்குள் இன்றைய விஞ்ஞானத்தைத் தேடி எடுக்கும் பழக்கம் எனக்குப் பிடித்தமானதல்ல. நான் அதில் பார்ப்பது வேறு. வேர் இழுத்தது என்ற பேச்சு அங்கே ஒரு பெண்ணின் மீதிருந்த பழியை நீக்கியது. நாமோ அதே பேச்சைக் கொண்டு குடும்பங்கள் மீது பழி சுமத்துகிறோம். ஆகவேதான் குடும்பங்கள் மறைக்கின்றன.

இனி, அந்தப் பந்தலில் இருந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் என் மச்சான், இறந்த பிள்ளையின் பெரிய வாப்பா. மற்றவன் நான். மச்சானின் சம்மதத்தின் பேரிலேயே இதை எழுதுகிறேன். அந்த மவுத்துக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் மச்சானைப் பார்த்த டாக்டர், இது பரம்பரைக் கொழுப்பு நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். தம்பி நாற்பத்து நான்கு வயதில் இறந்ததைக் கேட்டறிந்து, "அவர் பிள்ளைகளுக்கும் உங்கள் சகோதரிக்கும் சொல்லுங்கள், இரத்தம் பார்க்கட்டும்" என்றும் சொல்லி அனுப்பினார். மச்சானுக்கு வீட்டில் இரண்டு குமர்கள். விஷயம் வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள் என்று என்னிடம் யோசனை கேட்டார். "குமர் காரியம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று சொன்னவன் நான்தான்.

மறுவாரம் என் மனைவிக்கு மட்டும், சர்க்கரை பார்க்க என்று பொய் சொல்லி, இரத்தம் கொடுக்கச் செய்தேன். நோய் இல்லை என்று வந்தது. ஷுக்ரு செய்தேன். என் வீட்டுக்கு ஒரு நியாயம், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிட்டதே என அன்று எனக்குத் தோன்றவில்லை.

சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? ஜப்பானில் அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்த ஸ்டாட்டின் வகை மருந்து, 1987 முதல் விற்பனைக்கு வந்து, இன்று நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. மச்சான் அதைத்தான் தினமும் விழுங்கிக் கொண்டிருந்தார். பிறப்பிலேயே இருதய நோய் வாய்ப்பு அதிகமுள்ளவர்களிலும், நல்ல உணவு, நடை, புகையில்லாத வாழ்க்கை உள்ளவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய பாதி குறைவு என்று 2016ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று கூறுகிறது. ஆனால் அஜல் எழுதப்பட்டது அல்லவா என்று என் மனமே எனக்கு வக்காலத்து வாங்கியது. ஓர் ஆலிமிடம் போய்க் கேட்டேன். கொள்ளை நோய் பரவிய ஷாமுக்குள் போகாமல் உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பிய வரலாற்றை நினைவூட்டிவிட்டு அவர் சொன்னார்: "அவருடைய அஜலைப் பற்றி உம்மிடம் கேள்வி இல்லை. தெரிந்ததைச் சொன்னீரா என்பதுதான் உம்மிடம் கேட்கப்படும்."

பிறர் குறையை மூடி மறைப்பது மார்க்கத்தில் நன்மைதான்; மச்சானின் நோய் அவருடைய அந்தரங்கம் என்பதும் சரிதான். ஆனால் அந்த மரபணு அவருக்கு மட்டும் சொந்தமல்லவே. யாருக்கு என்ன நோய் என்று பெயர் சொல்லாமலே, "நம் குடும்பத்தில் இருதயக் கொழுப்பு இருக்கிறது, எல்லாரும் இரத்தம் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சம்பந்தம் பேசும் இடத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லவும் வேண்டும். தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் யோசனை கேட்டபோது, அவ்விருவரின் குறைகளையும் நபியவர்கள் திறந்தே சொன்னார்கள். அது புறம் பேசுவதாகாது.

நம் ஊர்களில் சாச்சா மகள், மாமி மகன் என்று சொந்தத்திலேயே சம்பந்தம் செய்கிறோம். அது ஹலால், அதில் பேச்சில்லை. ஆனால் இருவரிடமும் இதே பழுது இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளை இரண்டு பழுதையும் சேர்த்து வாங்கிவிடும். பெய்ரூட்டில் கச்சதூரியன் என்ற மருத்துவர் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து 1964லேயே இந்தப் பரம்பரை முறையை எழுதிவிட்டார். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம். நிக்காஹுக்கு முன் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை போதும், கொழுப்பு அதிகமா என்று தெரிந்துவிடும். குறையில்லாத குடும்பம் எது? இருதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடிய வேறொரு மரபணுக் குறை நம் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாக 2009ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நம்மைப் பெண் கேட்டு வருகிறவர்களும் அந்த நூறு பேருக்குள் அடக்கம்தானே.

இறந்தவரின் இரண்டு பிள்ளைகளுக்கும் இப்போது இரத்தம் பார்த்தாகிவிட்டது. பெண்ணுக்கு இல்லை. பத்து வயதுப் பையனுக்கு இருக்கிறது, மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். மச்சான் தம் இளைய மகளின் சம்பந்தக்காரர்களிடம் தாமே போய்ச் சொன்னார். அவர்கள் பத்து நாள் பதிலே சொல்லவில்லை. பிறகு மாப்பிள்ளையின் வாப்பா வந்து, தம் தகப்பனாரும் நாற்பத்தேழு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான் என்றும், மாப்பிள்ளைக்கும் பார்த்துவிட்டு வருகிறோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

முன்னமே எனக்குத் தெரியும் என்பதை அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்த இதழ் அவர் வீட்டுக்கும் போகிறது. அச்சாகி வருவதற்குள் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.