முதுமையில் பறக்க விழைவது முறையோ?



கொல்கத்தா மாநகரில் காலேஜ் ஸ்கொயர் குளத்தின் அருகே நிற்கும் தர்மராஜிக விகாரை, அநகாரிக தர்மபாலரின் பெருமுயற்சியால் 1920-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அங்கு வணங்கி வெளிவந்த நம்மை, அந்நகரில் வாழும் தமிழ் உபாசகர் ஒருவர் எதிர்கொண்டார். இரயில்வேயில் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவர்; அறுபது கடந்தவர். குளக்கரையில் அமர்ந்ததும் தயங்கித் தயங்கித் தம் மனத்தைத் திறந்தார்.

"ஐயா, பெங்களூரில் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, ஜக்கூர் விமானத் திடலில் மிகச் சிறிய விமானமொன்றைக் கண்டேன். பயிற்றுநருடன் ஒரு முறை ஏறியும் பார்த்தேன். அதை ஓட்டக் கற்க வேண்டுமென்ற ஆசை அன்றுமுதல் என்னை விட்டபாடில்லை. நானோ ஆசையை அறுக்கச் சொல்லும் தம்மத்தைச் சரணடைந்தவன். இது தகுமா?"

நாம் சற்றும் சிந்தியாமல், "இந்த வயதில் இது எதற்கு?" என்று சொல்லிவிட்டோம். அவர் முகம் வாடிற்று. மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அச்சொல் நாம் முன்பே கேட்ட சொல்லாயிருந்தது. பஞ்சாலையில் நூற்பு எந்திரத்தருகே நின்று பிழைத்த நாம், நாற்பதை நெருங்கிய வயதில், இரவு ஷிப்ட் முடிந்தபின் தம்ம நூல்களை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினோம். அதைக் கண்ட மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "இந்த வயதில் உனக்குப் படிப்பு எதற்கு?" என்றார். அன்று நம் நெஞ்சில் தைத்த முள்ளை, இன்று நாமே பிறர் நெஞ்சில் தைத்தோம்! ஆகவே இவ்வினாவை மீண்டும் முறையாக ஆராயக் கடமைப்பட்டோம்.

அன்பர்களே! இன்ன குலத்தானுக்கு இன்ன தொழில், இன்ன வயதினனுக்கு இன்ன நிலை என்று வரம்பு கட்டியது வருணாசிரமம். நம் முன்னோரைப் பள்ளிக்கூட வாயிலில் நிறுத்திய வரம்பும் அதுவே. தம்மத்தில் அவ்வரம்பு இல்லை. இராதர் என்னும் ஏழைக் கிழவரைத் துறவு பூணச் செய்யப் பிக்குகள் தயங்கினர். அவர் முன்னொரு நாள் தமக்கு ஓர் அகப்பை சோறிட்டதை நினைவுகூர்ந்து, சாரிபுத்திரரே அவரை ஏற்றுக்கொண்டார். பிழையைச் சுட்டிக்காட்டினால் வருந்தாமல் திருந்துபவர் என்று அக்கிழவர் புகழ் பெற்றார். நம் காலத்திலோ, டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் தம்மம் தழுவிய 1956 அக்டோபர் 14-இல் அவருக்கு வயது அறுபத்தைந்து. இந்த வயதில் எதற்கென்று அவர் இருந்துவிட்டிருந்தால், நம்மில் எத்தனை பேர் இன்று இவ்விதழைக் கையில் ஏந்தியிருப்போம்?

ஆதலின் வயது தடையன்று. ஆயின் பறத்தல் எத்தகைய செயல் என்பதை அறிதல் வேண்டும்.

இலகு விமானங்களில் ஒரு வகை உண்டு. அதன் இறக்கை, பாலியெஸ்டர் நூலால் நெருக்கமாக நெய்த துணி. அதனை அலுமினியக் குழாய்கள் விரித்துப் பிடிக்கின்றன. அதன்கீழ் இருக்கையும் சிறு எஞ்சினும் தொங்குகின்றன. இருவர் ஏறினும் மொத்த எடை 450 கிலோவைத் தாண்டலாகாதென்று பல நாடுகளின் விதிகள் நெடுங்காலம் வரையறுத்திருந்தன. நூலோடு வாழ்நாளைக் கழித்த நமக்கு, நெய்த துணி மனிதனைச் சுமக்கிறதென்பது பெருவியப்பே. ஓட்டுபவர் தம் முன்னுள்ள குறுக்குக் கம்பியை முன்னே தள்ளினால் மூக்கு உயர்ந்து வேகம் குறையும்; தம்பால் இழுத்தால் மூக்குத் தாழ்ந்து வேகம் கூடும். மேலேற வேண்டுமென்ற பேராவலால் அளவுக்கு மீறித் தள்ளினால், இறக்கை தாங்கும் ஆற்றலையே இழந்துவிடும். எஞ்சின் நின்றுபோனால் விமானம் உடனே கல்போல் விழாது, சறுக்கிக்கொண்டே இறங்கும். எனவே எந்நேரமும் இறங்கத்தக்க நிலத்தைக் கண் தேடிக்கொண்டிருத்தல் வேண்டும். நண்பகல் வெயிலில் நிலம் சூடேறக் காற்றுக் கொந்தளிக்கும். ஆதலின் விடியலும் மாலையுமே ஏற்ற வேளை. ததாகதர் இறுதிவரை வலியுறுத்திய அப்பமாதம், அதாவது சோர்விலா விழிப்பு, இங்கு நொடிதோறும் தேவைப்படுகிறது.

இப்படிப் பறந்தோர் பலர். கொல்கத்தாவிலேயே, உடற்பயிற்சி வித்தகரான இராமச்சந்திர சட்டர்ஜி 1889-இல் பலூனில் தனியே ஏறினார். ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால், துணியும் வில்லோ மரக் கழிகளுங் கொண்ட இறக்கையைத் தோளிற் பூட்டி, 1891-இல் நாற்பத்து மூன்றாம் வயதில் பறக்கத் தொடங்கினார். 1896-இல் கீழே விழுந்து மாண்டார். ஆலை அதிபர் விஜயபத் சிங்கானியா, ஐம்பதை எட்டும் தறுவாயில், 1988-இல் இலண்டனிலிருந்து தில்லிக்கு இலகு விமானத்தில் தனியே வந்து சேர்ந்தார். 2005-இல் அறுபத்தேழாம் வயதில் வெப்பக்காற்றுப் பலூனில் சுமார் 21,000 மீட்டர் உயரம் சென்றார். ஜே. ஆர். டி. டாட்டா, 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொணர்ந்த பயணத்தை, 1982-இல் எழுபத்தெட்டாம் வயதில் மீண்டும் நிகழ்த்தினார்.

இவருள் ஆலை அதிபரின் பெயரை எழுதுகையில் நம் மனத்தில் ஒரு கசப்பு எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. அதிபருக்கு ஆகாயம்; நமக்கோ ஷெட்டின் கூரை! எனினும் அக்கசப்பை உற்றுநோக்கினோம். நாம் உபாசகரைத் தடுத்ததில் தம்மத்தினும் பொறாமையே மிகுதியாய் இருந்தது. ஏழை இறந்த பின்னர்தான் மேலே போகவேண்டும் என்பது புத்தர் கட்டளையன்று.

இனி, ஆசை என்னும் தடைக்கு வருவோம். நம் நூல்களில் மூன்று பறத்தல்கள் பேசப்படுகின்றன.

முதலாவது பிண்டோல பாரத்துவாசர் பறந்தது. இராசகிருகத்தில் ஒருவன் சந்தனக் கிண்ணமொன்றை மூங்கில் உச்சியில் கட்டி, ஆற்றலுடையோர் எடுத்துக்கொள்ளலாம் என்றான். பிண்டோலர் வானிலெழுந்து அதனைக் கைக்கொண்டு, ஊரை மும்முறை வலம் வந்தார். கூட்டம் ஆரவாரித்தது. பகவான் அவரைக் கடிந்து, கிண்ணத்தையும் உடைத்துத் தூளாக்கச் செய்தார். இது பிறர் காணப் பறத்தல்.

இரண்டாவது உரோகிதஸ்ஸர் பறந்தது. வானில் நடக்க வல்ல அம்முனிவர் உலகின் முடிவைக் காண விழைந்து, நூறாண்டு ஓயாமல் விரைந்தும் அதனைக் காணாமலே இறந்தார். பின்னர்த் தேவனாய்ப் பிறந்து வந்து வினவியபோது, உலகமும் அதன் முடிவும் இந்த ஆறடி உடம்பினுள்ளேயே உள்ளன என்று பகவான் உணர்த்தினார். இது தன்னைவிட்டு ஓடப் பறத்தல்.

மூன்றாவது நம் தமிழ்ச்செல்வி மணிமேகலை பறந்தது. வான்வழிச் செல்லும் மந்திரம் பெற்ற அவள், அதனைக் காட்சிப்பொருளாக்கவில்லை. பசியால் வாடிய காஞ்சிக்கு அமுதசுரபியோடு சென்று உணவளித்தாள்.

ஆகவே பறத்தல் குற்றமன்று. எண்ணமே செயலின் உயிர். கற்கும் ஆவலையும், வாழ்வைப் பற்றிச் சுடும் வேட்கையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. கற்கும் ஆவல் இன்றேல் தம்மத்தையும் ஒருவன் கற்கமாட்டான்.

இருப்பினும் இல்லறத்தானுக்குக் கணக்கும் உண்டு. பொருளை நான்கு பங்காக்கி, ஒன்றைத் துய்க்கவும், இரண்டைத் தொழிலில் இடவும், ஒன்றை இடர்க்காலத்திற்கு வைக்கவும் சிகாலனுக்கு உபதேசித்தார் பகவான். துய்க்கும் பங்கை அவர் மறுக்கவில்லை; அது பிற பங்குகளை விழுங்குவதையே மறுத்தார்.

மறுநாள் அவ்வுபாசகரின் இல்லம் தேடிச் சென்று, முதற்கண் மன்னிப்புக் கோரினோம். பின்னர் நான்கு கேள்விகளை அவர்முன் வைத்தோம். பிறர் காணவேண்டுமென்று பறக்கிறீரா? வீட்டின் வெறுமையை விட்டோடப் பறக்கிறீரா? உம் மனைவியார் உண்ணும் பங்கைத் தொடுகிறீரா? லிலியந்தாலுக்கு நேர்ந்தது உமக்கும் நேரலாம் என்பதை அவ்வம்மையார் அறிந்து இசைந்தாரா?

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "மூன்றாவதற்கு விடை உண்டு. நான்காவதை அவளிடம் இன்னும் கேட்கவே இல்லை. இரண்டாவதுதான், ஐயா, என்னைச் சுடுகிறது" என்றார்.

உள்ளேயிருந்து அம்மையார் தேநீர் கொணர்ந்தார். உபாசகர் எழுந்து, அவருக்கும் ஒரு நாற்காலி இட்டார். நாம் விடைபெற்றுக்கொண்டோம். மருத்துவச் சோதனையில் அவர் தேறுவாரோ, உரிமம் பெறுவாரோ, அறியோம். ஆயின் மெய்யாகக் கற்றல் அந்த நாற்காலியிலேயே தொடங்கிவிட்டது என்று நம்புகிறோம். நாமும் அன்று ஒன்று கற்றோம்: கற்க வருபவனின் வயதைக் கேளோம், எண்ணத்தைக் கேட்போம்.

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க!