பாலத்தில் எடுத்த படம்

கடந்த பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து சிலர் காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போனோம். பேங்காக் வரை விமானம், பிறகு வேன். குவாய் பாலத்தில் வழிகாட்டி பத்து நிமிடம் கொடுத்தார். எல்லாரையும்போல நானும் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டேன்.

கிள்ளானில் அத்தை அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "அங்க போயி சிரிச்சிருக்கியேடா. என் பெரியப்பா போயி திரும்பாத இடம்டா அது."

பிறர் செத்த இடத்துக்குச் சுற்றுலா போவது தவறா? போகவே கூடாது என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. போருக்குப் பின் அந்தத் தண்டவாளத்தின் பெரும்பகுதி பிடுங்கப்பட்டது. ஹெல்ஃபயர் கணவாயைக் காடு மூடியது. 1980களில் ஆஸ்திரேலிய முன்னாள் கைதிகள் தேடி வந்ததால்தான் அது இன்று நினைவிடமாக இருக்கிறது. ஆள் போகாத இடத்தை மறதி எடுத்துக்கொள்கிறது.

ஆனால் போகிறவருக்கு எது காட்டப்படுகிறது? காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் உண்டு. 415 கிலோமீட்டர் பாதைக்காகப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். ராணுவத்திடம் பெயர்ப்பட்டியல் இருந்தது, போருக்குப் பின் தேடி வர அரசும் இருந்தது. லயத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவனுக்கு இரண்டும் இல்லை.

தாவோர்ன் வராராம் விகாரையில் தொழிலாளர்களின் எலும்புகள் புதைக்கப்பட்டுள்ளன. 2023இல் அங்கே தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் எழுப்பப்பட்டது. எங்கள் பயணத்திட்டத்தில் அது இல்லை. அந்தத் திட்டத்தை எழுதியது வரலாறு அல்ல, 1957இல் வந்த ஒரு சினிமா. இலங்கையில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் ஆற்றைத் தேடினார்கள். பாலம் நின்றதோ மே குளோங் ஆற்றின் மேல். பிறகு ஆற்றின் அந்தப் பகுதிக்கே பெயரை மாற்றினார்கள். பயணிக்காக ஆற்றின் பெயரை மாற்ற முடிகிறது. நம் ஆட்களின் பெயரைத் தேட மட்டும் யாருக்கும் நேரமில்லை.

இப்படிக் கோபமாகப் பேசிக்கொண்டே அத்தையிடம் கேட்டேன்: "பெரியப்பா பேரு என்னத்தே?"

அத்தை யோசித்தார். "அப்பா அண்ணன்னு சொல்லுவாரு. நாங்க பெரியப்பான்னு சொல்லுவோம். பேரு... தெரியலையேடா."

வழிகாட்டியைக் குறைசொல்ல எனக்கு அதன்பிறகு வாய் வரவில்லை. பாலத்தில் சிரித்தது சின்னத் தவறு. யாரைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பியதுதான் பெரிய தவறு. வழிகாட்டிக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டியவன் நான்தான். என்னிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

"தாப்பாவுல சித்தப்பா மக ஒருத்தி இருக்கா, எம்பது வயசு. அவளுக்குத் தெரிஞ்சாலும் தெரியும்" என்றார் அத்தை. அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்கப்போவதில்லை. இந்த ஞாயிறே தாப்பா போகிறேன்.