அதிகப்படியான ஆள்

25 பேர் ஏறவேண்டிய படகில் 26 பேர் ஏறிவிட்டால், அந்த இருபத்தாறாவது ஆள் யார்?

கேள்வி சிறுபிள்ளைத்தனமாகப் படலாம். கடைசியாக ஏறியவன்தான், வேறு யார் என்பீர்கள். அவனைக் கேட்டுப் பாருங்கள். "எல்லாரையும் போல நானும் காசு கொடுத்துத்தானே ஸார் டிக்கெட் வாங்கினேன்?" என்பான். முதலில் ஏறியவனுக்கோ, தனக்குப் பின்னால் வந்தவர்கள்தாம் அதிகம். நடுவில் ஏறியவனுக்கு இந்தக் கேள்வியே எழாது. ஆக, படகில் ஓர் ஆள் அதிகம் என்பது நிச்சயம். அந்த ஆள் நானில்லை என்பதில் ஒவ்வொருவருக்கும் அதைவிட நிச்சயம்.

இது வெறும் தர்க்க விளையாட்டு அல்ல. 2014 ஜனவரி 26-ஆம் தேதி, குடியரசு தினத்தன்று, அந்தமானில் ராஸ் தீவிலிருந்து உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற படகு ஒன்று கடலில் கவிழ்ந்தது. ஏறத்தாழ 25 பேருக்கான படகில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். மாண்டவர்கள் 20-க்கும் மேல். அவர்களில் பலர் நம் காஞ்சிபுரத்துக்காரர்கள். புயலில்லை, மழையில்லை. விடுமுறை நாள், குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

ராஸ் தீவு, போர்ட் பிளேர் துறையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். வெள்ளைக்காரர்கள் 1858-லிருந்து அங்கே உட்கார்ந்துகொண்டுதான் அந்தமானை ஆண்டார்கள். இன்று அவர்களுடைய மாளிகைச் சுவர்களை ஆலம் விழுதுகள் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புள்ளிமான்கள் பயமின்றி மேய்கின்றன. 2018-ல் தீவின் பெயர் மாறியது. 2024-ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அதெல்லாம் வேறு கதை.

காசிக்குப் போகிறவர் மருந்து, மாத்திரை, போர்வை, புளியோதரை என்று பத்து நாள் முன்பே கட்ட ஆரம்பிக்கிறார். காலையில் போய் மாலையில் திரும்பும் தீவுக்கோ கையை வீசிக்கொண்டு கிளம்புகிறார். 'ஒரு நாள்தானே!' அந்தத் 'தானே' இருக்கிறதே, அதைப்போல ஆளை ஏமாற்றும் சொல் தமிழில் இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டாமா? ஒரு நாள்தானே. தலைக்குத் தொப்பி? ஒரு நாள்தானே. திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரம், கடிகாரமோ ஒன்றே. சென்னையில் வெயில் அடிக்கும் ஐந்தரை மணிக்கு, குளிர்காலமானால், அங்கே இருட்டிவிடும். 'முதலை உண்டு, குளிக்காதீர்' என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் பலகையைப் படித்துவிட்டே இறங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

"என் உயிர், என் இஷ்டம்" என்று சிலர் சொல்வார்கள். கரையில் நின்று சொன்னால் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. என் தோட்டத்துத் தென்னையில் நான் ஏறி விழுந்தால் இடுப்பு என்னுடையது. (வைத்தியச் செலவு என் மனைவியுடையது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) படகில் அந்தப் பேச்சு எடுபடாது. படகுக்கு நான் ஆத்மா அல்ல, அறுபத்தைந்து கிலோ. மேல்தட்டில் பத்துப் பேர் எழுந்து நின்றால் படகின் கனமும் மேலே ஏறுகிறது. டால்ஃபின் என்று யாராவது கூவ, எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் படகு சாய்கிறது. அதற்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதுவும் சாய்ந்த பக்கமே ஓடுகிறது. பிறகு நிமிர்வது துர்லபம். ஆசனத்துக்கு அடியில் கயிற்றால் கட்டிவைத்திருக்கும் மிதவைச் சட்டையை அந்த நேரத்தில் அவிழ்த்து, குழந்தைக்கு மாட்டி, வாரை இறுக்குவதென்பது நடக்கிற காரியமா?

சரி, கூட்டம் அதிகம் என்று தெரிகிறது. நான் இறங்கினால் என்ன ஆகும்? நாற்பது முப்பத்தொன்பதாகும்; அதுவும் அதிகமே. நான் தப்புவேன், படகு தப்பாது. அப்படியானால் என் இறக்கம் சுயநலமல்லவா? உட்கார்ந்திருப்பதோ மடமை. இந்த இரண்டுக்கும் நடுவே வெகுநேரம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். யோசனை என்று அதைச் சொல்வதுகூடப் பெருமைக்காகத்தான். கூச்சம் என்பதே சரி.

சில வருஷங்களுக்கு முன் அந்தமானில் ஒரு சிறு துறையில் நடந்தது அது. படகின் பக்கத்தில் '24 பேர்' என்று வர்ணத்தில் எழுதியிருந்தது. நான் எண்ணினேன். 37. காஞ்சிபுரத்துக்காரர்களின் நினைவு வந்தது. வாயைத் திறக்கவில்லை. மைத்துனரின் குடும்பம் முன்வரிசையில் உற்சாகமாக இருந்தது. படகுக்காரன் நம்மூர்ப் பையன், "அம்பது பேர்கூட ஏத்தியிருக்கேன் ஸார்" என்று சிரித்தான். அத்தனை பேர் போகிறார்களே, அவர்களெல்லாம் முட்டாள்களா?

என் மனைவி எண்ணவுமில்லை, ஒன்றுமில்லை. படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். பேரனைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "நாங்க இறங்கிக்கறோம்" என்றாள்.

"என்ன அக்கா இது, குழந்தை மாதிரி? அத்தான், நீங்களாவது சொல்லுங்க!" என்றார் மைத்துனர். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவளுக்குப் பின்னால் நானும் இறங்கினேன். தைரியத்தினால் அல்ல, அவள் போனபின் அங்கே உட்கார்ந்திருப்பது இன்னும் வெட்கமாக இருந்தது, அவ்வளவே.

நாங்கள் கடக்கும்போது, மடியில் கைக்குழந்தையுடன் இருந்த ஓர் இளம்பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் இறங்குகிறீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. அவள் பாதி எழுந்துகூட விட்டாள். பக்கத்திலிருந்த கணவன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். படகு போயிற்று.

ஒன்றரை மணி நேரம் துறையில் உட்கார்ந்திருந்தோம். கடல் வைத்த தண்ணீர் போலக் கிடந்தது. பேரன் நண்டுகளைத் துரத்தினான். என் கண் அடிவானத்தை விட்டு நகரவில்லை. படகு பத்திரமாகத் திரும்பியது. மைத்துனர் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக் கேலி செய்தார், இன்றுவரை செய்துகொண்டிருக்கிறார். அவர் பேரில் தப்பில்லை. ஜாக்கிரதையாக இருந்தவனிடம் அத்தாட்சி ஏது?

அந்தப் பெண்ணும் குழந்தையோடு இறங்கிப் போனாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ராத்திரி விடுதியில், "நீங்க எண்ணிக்கிட்டிருந்தீங்களே, எத்தனை பேர்?" என்று கேட்டாள் மனைவி.

"முப்பத்தேழு."

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள்.

"அந்தப் பொண்ணு உங்களைத்தானே பார்த்தா? அதை அவகிட்டே சொல்லியிருக்கலாமே?" என்றாள்.