வாசலுக்கு வந்த அமானிதம்

அல்லாஹ்வின் திருநாமம் போற்றி ஆரம்பம் செய்கிறோம். அவன் திருத்தூதர் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர் யாவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நாம் ஆலிமல்ல. சிறு பிராயத்தில் ஓதல் பள்ளியில் குர்ஆன் ஓதி, தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்தி, அதன் பிறகு தராசு பிடித்த கை இது. வஃளு சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆயினும் சென்ற மழைக்காலத்தில் ஈப்போவிலுள்ள நம் கடையின் பின்கட்டில் நடந்த ஒரு காரியத்தைச் சங்கத்து நண்பர்கள் கேட்டுவிட்டு, இதை எழுதத்தான் வேண்டும் என்று பிடிவாதம் செய்தார்கள். நம்முடைய தவறும் அதில் இருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறோம்.

வாரம் ஒரு நாள் சிம்மோர், சுங்கை சிப்புட் பக்கம் வேனில் சரக்கு கொண்டுபோய்ப் போடுவது நம் வழக்கம். அது ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்த பூமி. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது, லயத்துச் சனங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்து போனார்கள். அடுக்குமாடி வீட்டுக்கு நாயைக் கொண்டுபோக முடியுமா? மனிதர் போய்விட்டார்கள், நாய்கள் நின்றுவிட்டன. எஞ்சியிருக்கும் நாலைந்து வீடுகளில் ஒன்றில் பால் வெட்டிப் பிழைத்த ஒரு மூதாட்டி இருக்கிறார். அன்று அவர் நம் வேனை மறித்தார்.

"பாய், பன்னிக்கு வெச்ச கம்பிக் கண்ணியில ஒரு பொட்ட நாய் மாட்டிக்கிட்டு மூணு நாளா கத்துது. எனக்குக் குனிய முடியல. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார்.

"நாயாச்சே ஆத்தா" என்றோம்.

"நாய்தான் பாய். உசுரு இல்லையா?" என்றார்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. வேனில் கிடந்த குறட்டை எடுத்துப் போய்க் கம்பியை வெட்டினோம். பின்னங்காலில் எலும்பு தெரிந்தது. அதைச் சாக்கில் கிடத்தி ஈப்போவுக்குக் கொண்டுவந்தோம். மிருக வைத்தியர் காலுக்கு மருந்திட்டுக் கட்டி, புண் ஆறும்வரை ஓரிடத்தில் வைத்திருக்கச் சொன்னார். கடைக்குப் பின்னால் காலிப் பெட்டிகள் அடுக்கும் தகரக் கொட்டகையில் இடம் கொடுத்தோம். கால் தேறியதும் பழைய இடத்தில் விட்டுவிடலாம் என்பது நம் கணக்கு. எலும்பும் தோலுமாகக் கிடந்த அது சூல் கொண்டிருந்தது என்று நமக்குத் தெரியாது. அல்லாஹ்வின் கணக்கு வேறாக இருந்தது.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு கடையைப் பூட்டும்போது பின்கட்டில் முனகல் கேட்டது. விளக்கை அடித்துப் பார்த்தால் ஆறு குட்டிகள்! கண் திறக்காமல், எலிக்குஞ்சு போல நெளிந்துகொண்டிருந்தன.

சகோதரர்களே, அப்போது நாம் செய்த காரியத்தைக் கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டோம். ஒரு நாய்க்கே ஊர் பேசுகிறது. ஏழு நாய் என்றால் யார் நம் கடையில் அரிசி வாங்குவார்? விடிந்ததும் கடைப் பையனிடம் சாக்கைக் கொடுத்து, குட்டிகளைத் தொலைவில் எங்காவது விட்டுவரச் சொல்லலாம் என்று முடிவு கட்டிக்கொண்டு போர்வையை இழுத்துப் போர்த்தினோம்.

அன்றிரவு மழை கொட்டியது. சுபுஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது கொட்டகைத் தரையெல்லாம் தண்ணீர். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு அந்தத் தாய் தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, கவிழ்த்து வைத்திருந்த பெட்டியின் மேல் ஏற்றியிருந்தது. ஐந்து குட்டிகள் உயிரோடு இருந்தன. ஆறாவது விறைத்துக் கிடந்தது. அது செத்தது என்று அறியாமல் தாய் அதை நக்கி நக்கிச் சூடேற்றிக்கொண்டிருந்தது. பிறந்த முதல் இரண்டு வாரம் குட்டிக்குத் தன் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ளச் சக்தி கிடையாது என்று பின்னால் வைத்தியர் சொன்னார். ஒரு பலகையும் ஒரு பழைய சாக்கும் அந்த இரவில் போதுமாயிருந்தது. நம் கடையில் சாக்குக்கா பஞ்சம்?

பையன் சாக்கோடு வந்து நின்றான். "அதைக் கீழே விரி" என்றோம்.

தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்து புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்த சரித்திரம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நமக்கு அது தெரியாதா? ஏழு வயதில் ஓதல் பள்ளியில் கேட்டது. பூனையைக் கட்டிப்போட்டு, தீனியும் கொடாமல், தானே இரை தேட விடவும் இல்லாமல் சாகடித்தவள் நரகம் புகுந்த செய்தியும் தெரியும். காதில் இருந்த கல்வி அன்றிரவு கைக்கு வரவில்லை. அதுதான் நம் குற்றம்.

செய்தி பரவியது. "கடையில் நாய் இருந்தால் பரக்கத் தங்குமா?" என்றார் ஒரு வாடிக்கையாளர். "மலக்குகள் வரமாட்டார்களே!" என்றார் ஒரு முதியவர். அவர்கள் சொன்னதிலும் ஆதாரம் உண்டு. வேட்டை, கால்நடைக் காவல், விளைநிலக் காவல் ஆகிய காரணமின்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்பது ஸஹீஹான ஹதீஸில் வந்திருக்கிறது. ஆகவே ளுஹர் தொழுத பிறகு நாம் ஒரு ஹஸ்ரத் அவர்களிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம்.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு நாம் அதுவரை கேட்டிராத ஒரு சம்பவத்தைச் சொன்னார்.

ஹிஜ்ரி 8, ரமலான் மாதம். கி.பி. 630ஆம் ஆண்டின் தொடக்கம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதினாயிரம் தோழர்களோடு மதீனாவிலிருந்து மக்காவை நோக்கிப் புறப்பட்டார்கள். அர்ஜ் என்னும் ஊரைக் கடந்து படை போகிறது. வழியோரத்தில் ஒரு பெட்டை நாய் குட்டி ஈன்று கிடக்கிறது. குட்டிகள் பால் குடிக்கின்றன. படையைக் கண்டு தாய் உறுமுகிறது. அண்ணலார் பார்த்தார்கள். ஜுஅய்ல் இப்னு ஸுராக்கா (ரலி) என்ற தோழரை அழைத்து, படை முழுவதும் கடந்து போகும்வரை அந்த நாய்க்கும் குட்டிகளுக்கும் யாரும் தொந்தரவு செய்யாதபடி பக்கத்திலேயே நிற்கக் கட்டளையிட்டார்கள்!

இது ஹிஜ்ரி 207இல் மறைந்த வாகிதீ அவர்கள் தொகுத்த மகாஸீ என்னும் கிதாபில் வருகிறது. "இது சரித்திரச் செய்தி. மார்க்கச் சட்டத்துக்கு ஆதாரமான ஹதீஸ்களின் தரத்தில் இதை வைக்க வேண்டாம். ஆனால் நபியவர்களின் ஸிஃபத்து இதில் தெரிகிறதல்லவா?" என்றார் ஹஸ்ரத்.

சிந்தித்துப் பாருங்கள்! மக்கா வெற்றி என்றால் சாமானியமா? எட்டு வருஷத்துக்கு முன் விரட்டிய ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு நாயின் பிரசவம் அவர்கள் கண்ணுக்குப் பட்டது. ஒரு போர்வீரரை அதற்கென்றே நிறுத்தினார்கள். நமக்கோ பூட்ட வேண்டியது ஒரு கடை. நம் கண்ணுக்கு அது படவில்லை.

"நாய் நஜீஸ் ஆயிற்றே ஹஸ்ரத்?" என்று கேட்டோம்.

அவர் விளக்கினார். ஷாபி மத்ஹபில் நாய் நஜீஸ். அதன் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். ஹனபி மத்ஹபில் அதன் எச்சில் அசுத்தம். மாலிக்கி மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானதே. இமாம்கள் இப்படிப் பலவாறு சொன்னது நம் கையையும் உடையையும் பாத்திரத்தையும் பற்றி. அந்த ஜீவனைப் பட்டினி போடலாம், மழையில் விடலாம் என்று எந்த இமாமும் சொல்லவில்லை. அதே ஷாபி மத்ஹபில்தான் ஒரு சட்டம் இருக்கிறது: ஒளுச் செய்யும் அளவே தண்ணீர் இருந்து, பக்கத்தில் தாகத்தால் வாடும் ஒரு பிராணி நின்றால், அது கடிக்கும் வெறிநாய் அல்லாத நாயாக இருந்தாலும், தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டு நீங்கள் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். தொழுகைக்குரிய தண்ணீரே நாய்க்குப் போகிறது!

ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்களும் ஷாபி மத்ஹபினரே. மனிதன் மேல் பிராணிகளுக்குள்ள ஹக்குகளை அவர் வரிசையாக எழுதியிருக்கிறார். கிழடாகி, நோயாகி, இனிப் பயனில்லை என்று ஆனாலும் அதற்குத் தீனி கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

கடைசியாக ஹஸ்ரத், வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதும் கஹ்ஃபு சூராவை நினைவூட்டினார். குகைவாசிகளின் நாய் எங்கே இருந்தது? முன்னங்கால்களை நீட்டி வாசற்படியில் இருந்தது. "தொழும் இடத்தில் கொண்டுவந்து வைக்காதீர், தெருவில் தள்ளவும் செய்யாதீர். வாசலில் இடம் கொடும். காயம் ஆறும்வரை, குட்டி பால் மறக்கும்வரை அது உம்மிடம் அமானிதம். பிறகு ஹதீஸ் அனுமதித்த காவல் வேலைக்கு அவற்றைக் கொண்டு சேரும்" என்றார்.

அப்படியே செய்தோம். சரக்கு அறைக்குத் தூரமாக, வேலியோரத்தில் பலகை அடித்துக் கொட்டகை போட்டோம். அதற்கென்று தனித் தட்டு, தனித் துடைப்பம், கையுறை வைத்தோம். குழாயடியில் ஒரு டின்னில் சுத்தமான மண். எச்சில் பட்ட நாளில் ஏழு தடவை கழுவ நமக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. இந்த இரண்டு நிமிஷத்துக்கா பயந்து ஒரு குட்டியை மவுத்தாக விட்டோம் என்று ஒவ்வொரு தடவையும் உள்ளம் கேட்டது.

வைத்தியர் சொன்னபடி குட்டிகளுக்கு மாட்டுப்பால் கொடுக்கவில்லை. அது வயிற்றைக் கெடுக்கும். தாய்க்குச் சோறும் மீனும் தண்ணீரும் தாராளமாக வைத்தால் குட்டிக்குப் பால் தானே ஊறுகிறது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கண் திறந்தன. நாலாம் வாரத்தில் மசித்த சோறு தின்னத் தொடங்கின. குடற்புழு மருந்தும், ஆறு வாரம் கடந்தபின் தடுப்பூசியும் போட்டோம். எட்டு வாரம் நிறையும்வரை தாயை விட்டுப் பிரிக்கவில்லை. குருவிக் குஞ்சுகளைத் தோழர் சிலர் எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தல்லவா நாம்!

"எங்காவது கொண்டுபோய் விட்டால் தீர்ந்தது" என்று சொல்வோருக்கு இரண்டு செய்திகள் சொல்கிறோம். 1910இல் இஸ்தான்புல் நகரத் தெருநாய்களை ஆயிரக்கணக்கில் பிடித்து, மர்மரா கடலில் தண்ணீரில்லாத ஒரு பாறைத் தீவில் இறக்கிவிட்டார்கள். பசியிலும் தாகத்திலும் அவை போட்ட ஓலம் கடல் தாண்டிக் கேட்டதாம். நம் நாட்டிலும் 2009இல் கிள்ளானுக்கு அப்பாலுள்ள கெத்தாம் தீவில் தெருநாய்களைப் பிடித்து ஆளில்லாத சதுப்புத் தீவுகளில் விட்டார்கள். பசி தாங்காமல் ஒன்றையொன்று தின்ற கொடுமை பத்திரிகைகளில் வந்தது. நம் சாக்குக்கும் அந்தப் படகுக்கும் என்ன வித்தியாசம்? அளவில்தான் வித்தியாசம். விலங்கு நலனுக்கென்று 2015இல் இயற்றிய சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. கொடுமை செய்தவருக்கு அபராதமும் சிறையும் உண்டு. சட்டம் பார்க்காத இடத்தையும் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான்.

ஐந்து குட்டிகளும் நஸீபுள்ளவை. இரண்டு, தம்புன் பக்கம் பொமெலோ தோப்பு வைத்திருக்கும் ஒரு சீனச் சகோதரரின் காவலுக்குப் போயின. இரண்டை மாடு வளர்க்கும் ஒருவர் பட்டிக்கென்று வாங்கிப் போனார். ஒன்று, நம் வேனை மறித்த மூதாட்டியின் லயத்துப் படியில் படுத்திருக்கிறது. தாய் நாய்க்கு, ஹஸ்ரத் அவர்களிடம் கேட்டுக்கொண்ட பின், கருத்தடை செய்தோம்; தெருவில் பெருகித் தெருவில் சாவதைக் காட்டிலும் அது மேலல்லவா? இப்போது அது நம் உறவினர் ஒருவரின் ஆட்டுப்பட்டியில் நொண்டிக்கொண்டே காவல் காக்கிறது. எல்லாவற்றுக்கும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியதை மறக்கலாகாது. நாய்க்கு இரங்குவது போலவே அண்டை வீட்டுக் குழந்தையின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும்.

வியாபாரம் குறைந்ததா என்று கேட்பீர்கள். ஓரிருவர் சில வாரம் வராமலிருந்தார்கள், மெய்தான். கொட்டகையையும் மண் டின்னையும் கொண்டுபோய்க் காட்டினோம். பரக்கத்தைப் பற்றிக் கேட்ட அந்த வாடிக்கையாளரே பிறகு வாரந்தோறும் மீன் தலை கொண்டுவந்து கொடுத்தார்.

சகோதரர்களே! ஐந்து குட்டிகளைக் காத்தோம் என்று பெருமை பேச இதை எழுதவில்லை. ஆறாவதைப் பற்றி மறுமையில் கேள்வி உண்டு என்ற அச்சத்தில் எழுதுகிறோம். கதவுக்கு இப்பால் நாம் போர்வைக்குள் இருந்தோம். அப்பால் அது தண்ணீரில் கிடந்தது. அல்லாஹ் ஓர் உயிரை நம் வாசலுக்கு அனுப்புகிறபோது, வேண்டுமா வேண்டாமா என்று நம்மைக் கேட்டு அனுப்புவதில்லை. அது பூனையாகலாம், நாயாகலாம், நாடு விட்டு வந்து கூலி கிடைக்காமல் நிற்கும் ஏழையாகலாம். கழுவிக்கொள்ளத் தண்ணீரும் மண்ணும் கொடுத்தவன், கதவைத் திறக்கக் கையும் கொடுத்திருக்கிறான்.

யா அல்லாஹ்! எங்கள் தாமதத்தை மன்னிப்பாயாக! காதால் கேட்ட நன்மையைக் கையால் செய்யும் தௌஃபீக்கை எங்களுக்கும் எங்கள் மக்களுக்கும் தந்தருள்வாயாக! வாயில்லா ஜீவன்களின் முறையீட்டுக்கு எங்களை ஆளாக்காதிருப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.